டிஸ்கை ஏந்தி வாசலில் நின்றவர்கள்

தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது சிலர் படித்த படிப்பைச் சொல்வார்கள். சிலர் பார்த்த உத்தியோகத்தைச் சொல்வார்கள். சிலர் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைச் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் அக்கா, தான் கெடுத்ததைச் சொல்வார். வந்தவரை உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுவார். அதையும் தலையைக் குனிந்துகொண்டு சொல்லமாட்டார். மேடையில் பரிசு வாங்கிய கதையைச் சொல்கிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அச்சில் வரவேண்டிய இடத்தில் ஏற்கெனவே வந்துவிட்டது. அந்தப் பக்கத்தைத் தயாரித்தவள் நான்தான். அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு, மறைப்பானேன்?

எனக்கு மந்தைவெளியில் ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கல்லூரிப் பிள்ளைகள் கடைசி நாளில் ஓடிவந்து கொடுக்கும் ப்ராஜெக்ட், இதெல்லாம்தான் பிழைப்பு. ஒரு ஐப்பசி மழையில் கூரை ஷீட் ஒழுகி, தண்ணீர் நேராகக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இறங்கிவிட்டது. வேறு எங்கேயாவது ஒழுகியிருக்கலாம். இடம் பார்த்து ஒழுகியது.

பெட்டி செத்தது பற்றி எனக்குக் கவலை இல்லை. உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்தான் என் உயிர். கடை திறந்த நாளிலிருந்து நான் செய்த எல்லாமே அதில். அதோடு ராஜா அண்ணாமலைபுரத்து மாதா கோயிலின் திருவிழா மலர் பாதி முடிந்த நிலையில் அதில் இருந்தது. இன்னொரு பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நான் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருவும் பக்கம் கட்டும் மென்பொருளும் பழசு. அது திறக்க வேண்டுமென்றால் கட்டைவிரல் அளவில் ஒரு பூட்டை கம்ப்யூட்டரின் பின்னால் செருக வேண்டும். அந்தக் காலத்து பிரிண்டர் வயர் போகிற அகலமான ஓட்டையில்தான் அது பொருந்தும். புது கம்ப்யூட்டர்களில் அந்த ஓட்டையே கிடையாது. ஆகவே எனக்குப் பழைய கம்ப்யூட்டர்தான் வேண்டும். பழைய கம்ப்யூட்டர் என்றதும் எல்லோரும் சொன்னது அக்காவைத்தான். சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆனா பாத்து" என்றும் சொன்னார்கள்.

அக்காவின் வீடு மாதா கோயிலுக்குப் பின்தெருவில். அப்போது அவர் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நான் நாற்பதை. ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் பராமரிப்பு பார்த்து, அந்தக் கம்பெனி மூடிய பிறகு முன்னறையில் மேஜை போட்டு உட்கார்ந்தவர். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். மேஜை மேல் ஒரு இட்லித் தட்டு இருக்கும். கழற்றும் திருகாணிகளைக் குழிக்கு ஒரு ரகமாக அதில் போட்டுவைப்பார். மூடியோடது ஒரு குழி, டிஸ்கோடது ஒரு குழி. அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இட்லி கேட்டால் கிடைக்காது.

நான் பெட்டியை மேஜை மேல் வைத்தேன். அக்கா அதைத் தொடவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டார்.

"இந்தாமா, மூடிய தொறக்கறதுக்கு முன்னாடி ஒன்னு கேட்டுக்க. நான் ஒருத்தரோட டிஸ்க அழிச்சவ. எங்க கோயில் பாடகர் குழு பாடுனத எல்லாம் வருஷக்கணக்கா பதிவு பண்ணி வச்சிருந்தாங்க. கிறிஸ்மஸ், ஈஸ்டர், எல்லாம். காப்பி எடுத்துத் தரேன்னு நான்தான் கேட்டு வாங்குனேன். ரெண்டு டிஸ்க்கு. ஒரே கம்பெனி, ஒரே சைசு. ஸ்கிரீன்ல மேல ஒரு வரி, கீழ ஒரு வரி. கீழ கீறத அழிக்கணும். மேல கீறத அழிச்சுட்டேன். அது மேலயே புதுசா வேற ஏத்திட்டேன், தோண்டி எடுக்கவும் வழியில்ல. யாரும் தள்ளிவுடல, கரண்ட் போவல. என் கைதான். இப்ப சொல்லு, குடுக்கிறியா?"

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினேன். அக்கா தடுக்கவில்லை. கதவை நன்றாகத் திறந்து பிடித்துக்கொண்டு, "படி வழுக்கும், நேத்து நான்தான் எண்ணெய கொட்டிட்டேன்" என்றார்.

அங்கிருந்து தி.நகரில் ஒரு கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குப் போனேன். ஏசி குளுகுளுவென்று இருந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டிருந்த பையன் ஒருவன், "வச்சுட்டுப் போங்க மேடம், பாத்துக்கலாம்" என்றான். என் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அப்பாடா, எவ்வளவு நல்ல வார்த்தை! கிளம்பும்போது ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன், "உள்ள இருக்கிற ஃபைல் ஒண்ணும் ஆகாதில்ல?" அவன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல், கட்டைவிரலால் தன் முதுகுக்குப் பின்னால் சுட்டினான். சுவரில் ஒரு பலகை. உங்கள் தகவல்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். இந்த மாதிரிப் பலகைகளை நானே எத்தனையோ கடைகளுக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அதைப் படித்தேன். மறுபடியும் பெட்டி இடுப்புக்கு ஏறியது. ராஜா அண்ணாமலைபுரம் போய்ச் சேர்ந்தபோது அக்கா வாசல்படியில் எண்ணெயைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"திரும்பி வர்றவங்கதான் என் கஸ்டமரு" என்றார். "உள்ள வா, டீ போடுறேன். சர்க்கரை ஜாஸ்தி ஆயிரும், சொல்லிட்டேன்."

ஜாஸ்தியாகத்தான் இருந்தது.

இப்படித்தான் எல்லாவற்றுக்கும். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அக்கா சொன்னதை அந்தத் தெருவே சொல்லிச் சிரிக்கும். காபி கொடுத்த கையோடு, "பொண்ணுக்கு காலைல கோவம் வரும், எனக்கு எல்லா நேரமும் வரும். அதுக்கு சமைக்கத் தெரியாது, நான் சொல்லித் தரல, அது என் தப்பு" என்று அடுக்கியிருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா வாய்விட்டுச் சிரித்து, அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார். ஆனால் ஒன்று கவனித்தேன். அக்கா அடுத்தவர் தப்பை மட்டும் சொல்லவே மாட்டார். சைதாப்பேட்டையில் பழைய பொருள் கடை வைத்திருந்த பாய் ஒருமுறை செத்த டிஸ்க் ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டதாகக் கேள்வி. அதைப் பற்றிக் கேட்டால், "நான் பாக்காம வாங்கிட்டேன்" என்பதோடு முடித்துக்கொள்வார்.

அக்கா என் பெட்டியைத் திறந்து பார்த்து, போர்டு போய்விட்டது, டிஸ்க் பிழைத்திருக்கிறது, ஆனால் கிழடு, முனகுகிறது என்றார். அதை நம்பி மறுபடி கடை நடத்த முடியாது. வேறு கம்ப்யூட்டர், அதற்குள் வேறு டிஸ்க், எல்லாவற்றையும் புது இடத்துக்கு மாற்றிய பிறகு கிழவரை ஓய்வில் விட வேண்டும். இதுதான் திட்டம்.

கம்ப்யூட்டர் அபிராமபுரத்தில் கிடைத்தது. ஒரு டுடோரியல் காலேஜைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே பழைய பெட்டிகளை அடுக்கி, குப்பை வண்டிக்காக வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் டிஸ்கை மட்டும் உருவியிருந்தார்கள். அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். கருகிய வாடை வந்தால் தள்ளிவைத்தார். பின்னால் அகலமான ஓட்டை இருக்கிற ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். ஷேர் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.

"இன்னாக்கா, மைக்ரோவேவா?" என்றார் ஓட்டுநர்.

"கம்ப்யூட்டரு நைனா. குப்பைல இருந்து எடுத்துக்கினு வரோம்."

"ஓடுமா?"

"ஓட வைக்கலன்னா என் பேர சொல்லித் திட்டு" என்று, ஆட்டோவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி பெயரையும் சொன்னார்.

அந்தப் பழைய பெட்டிக்குப் பொருந்துகிற, அகலப் பட்டை வயர் போட்ட டிஸ்க் புதிதாக வருவது நின்றுவிட்டது. சைதாப்பேட்டை பாயிடம்தான் போனோம். பாய் இரண்டு டிஸ்குகளை எடுத்து வைத்தார். ஒன்று என் பழைய டிஸ்கின் இரட்டைப்பிறவி. அதே கம்பெனி, அதே அளவு, கீறல்கூட இல்லை. இன்னொன்று அளவில் இரண்டு மடங்கு. ஆனால் மேலெல்லாம் தேய்ந்து, யாரோ ஒட்டிய ஸ்டிக்கரின் பசை இன்னும் பிசுபிசுத்தது.

"இத எடுத்துக்கோங்கக்கா, ஜோடி மாதிரி இருக்கும்" என்று முதலாவதை நீட்டினார் பாய்.

அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஜோடி சேக்கறதுக்கு நான் இன்னா தரகரா? ஒரே மாதிரி ரெண்டு என் மேஜைக்கு வரக்கூடாது பாய். கண்ண நம்பி ஒரு தடவ கெட்டேன். சைஸு வேற வேறயா இருந்தாத்தான் எது எதுன்னு தெரியும்."

"எத்தன வருஷம் ஆச்சு, இன்னுமா அதையே சொல்லிக்கினு இருப்பீங்க?"

"சொல்றத நிறுத்துனா மறுபடி பண்ணிருவேன் பாய்."

பிசுபிசுத்த டிஸ்கை அங்கேயே மாட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சோதனை ஓடவிட்டு, அது முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பாய் டீ வரவழைத்தார். நான் கொட்டாவி விட்டேன். அக்கா மட்டும் டிஸ்க்கில் காதை வைத்து, நோயாளியின் நெஞ்சைக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தார். திக்காமல் சுற்றுகிறது என்று நிச்சயமான பிறகுதான் எழுந்தார்.

அடுத்த நாள் காலை, பாயின் டிஸ்கை அபிராமபுரத்துப் பெட்டியில் மாட்டி, அதில் இருந்த பழசையெல்லாம் அழித்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டும். அக்கா என் டிஸ்கை ஒரு காய்ந்த துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"இத வாங்கிக்கினு வெளிய போ."

"வெளியவா? எதுக்குக்கா?"

"நான் அழிக்கறப்ப அழியக்கூடாத டிஸ்க்கு இந்த ரூம்லயே இருக்கக்கூடாது. வாசப்படி தாண்டி நில்லு. நான் கூப்புடுற வரைக்கும் வராத. கெஞ்சுனாலும் குடுக்காத."

இது அவருடைய சட்டம். பீரோவில் வைத்தால் போதாதா என்றேன். பீரோ சாவி தன்னிடம் இருக்கிறதே என்றார். தெருவில் போய் நின்றேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் துண்டுப் பொதியை எட்டிப் பார்த்தார்கள். "இன்னா கையில, கொழந்தையா?" என்று மீன்காரம்மா கூடையை இறக்கிவிட்டே விசாரித்தார். "ஒண்ணுமில்ல" என்றேன். நாற்பது வயதில் நட்டநடுத் தெருவில் ஹார்ட் டிஸ்கை அணைத்துக்கொண்டு நின்ற எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் நிற்க நிற்க ஒன்று புரிந்தது. என் ஜீவனம் முழுவதும் என் கையிலேயே இருந்தது. உள்ளே என்ன நடந்தாலும் அது பத்திரம். தி.நகர் ஏசியில் வராத நிம்மதி அந்த வெயிலில் வந்தது.

கூப்பிட்டார். போனேன். புது ஏற்பாடு திரையில் தயாராக இருந்தது. இப்போது என் டிஸ்கை இரண்டாவதாக மாட்டினார். சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். திரையில் இரண்டு வரிகள் வந்தன. அவர் விரல் மேஜையைத் தொடவில்லை.

"வாய் வுட்டுப் படி. பெருசு யாருது?"

"பாயோடது."

"சிறுசு?"

"என்னோடது."

"எதுல இருந்து எதுக்கு?"

"சிறுசுல இருந்து பெருசுக்கு."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். அதன் பிறகுதான் பிரதி எடுக்கத் தொடங்கினார். என் வருஷங்கள் எல்லாம் ஒவ்வொரு ஃபைலாகப் புது இடத்துக்குக் குடியேறின. எல்லாம் வந்துசேர்ந்தது. கட்டைவிரல் பூட்டை பின்னால் செருகினேன். மென்பொருள் திறந்தது. மாதா கோயில் மலர் பக்கம் பக்கமாகக் கண்முன் வந்தபோது நான் அழுதுவிட்டேன், அக்காவைக் கட்டிக்கொள்ளவும் செய்தேன். குப்பைக்குப் போகவிருந்த அந்தப் பெட்டி இன்றைக்கும் என் கடையில்தான் ஓடுகிறது.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மலரைப் பார்க்க ஆரம்பித்தார். அவருடைய கோயில் அல்லவா? பங்குத்தந்தையின் வாழ்த்து, பூசையில் உதவும் பீடச் சிறுவர்கள் படம், எல்லாவற்றையும் ரசித்தார். பாடகர் குழுவின் வரலாறு வந்தது. அதை எழுதியவர் குழுவை நடத்திய மாஸ்டர், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஒலிப்பதிவுகள் அவர் சேர்த்தவை. அவை போன நாளிலிருந்து அவர் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்காவும் குழுவில் இருந்து விலகிவிட்டார். ஆனால் ஞாயிறு தவறாமல் கீழே முன்வரிசையில் நின்று, மேல் மாடத்தில் பாடுகிற குழுவைவிட உரக்கப் பாடுவார்.

பக்கத்தின் நடுவில் அக்காவின் விரல் நின்றது. அங்கே இப்படி இருந்தது: எங்கள் ஒலிப்பதிவுகள் யாவும் எதிர்பாராத விதமாக அழிந்துபோயின.

"இது தப்பு. மாத்து" என்றார்.

"என்ன தப்பு?"

"எதிர்பாராத விதம்னு யாராவது நம்ம தெருவுல கீறாங்களா? நான்தான் கீறேன். என் பேர போடு."

"அக்கா, இது திருவிழா மலர். வீட்டுக்கு வீடு போகும். அவர் உங்க பேரைச் சொல்லாம விட்டிருக்காரு, விட்டுடுங்களேன்."

"அவரு பெரிய மனுஷன், மறைச்சாரு. அது அவரு நல்ல மனசு. ஆனா எல்லாருக்கும் தெரியும்மா. தெரிஞ்சிக்கினே எனக்குப் பின்னாடி குசுகுசுன்னு பேசுறாங்க. அச்சுல வந்துட்டா குசுகுசுக்க இன்னா கீது? நிமிந்து நடக்கணும் நான்."

குரல் முதல்முறையாகக் கொஞ்சம் இறங்கியிருந்தது. அத்தனை நாளும் அவர் அதைச் சொல்லிச் சொல்லி நடந்தது ஏதோ வேடிக்கைக்காக என்று நினைத்திருந்தேன். அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான் என்று அப்போது தெரிந்தது.

வாக்கியத்தை மாற்றினேன். இன்னாரின் கைத்தவறால் அழிந்துபோயின. ஆனால் அடுத்தவர் எழுதியதை அவரைக் கேட்காமல் அச்சுக்கு அனுப்ப முடியாது. ப்ரூஃபை எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் போனேன். அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

"இதை அவங்களே சொன்னாங்களா?"

"அவங்கதான் சார். பிடிவாதமா."

மாஸ்டர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். அடித்துவிடப் போகிறார் என்றே நினைத்தேன். பெயருக்கு முன்னால் நான் விட்டுவிட்டிருந்த இனிஷியலைச் சேர்த்து, ஓரத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மலர் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்கள் தங்கள் குடும்பப் படம் வந்த பக்கத்தை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா பாடகர் குழுப் பக்கத்தை மடித்துவைத்துக்கொண்டு கோயில் வளாகம் முழுக்கச் சுற்றினார். "பாத்தியா, என் பேரு வந்துகீது பாரு, நான் அழிச்சது!" சிரித்தவர்கள் சிரித்தார்கள். குசுகுசுத்தவர்கள்தான் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் எனக்கு இருந்த பெருமை, சொந்த அக்காவுக்குப் பட்டம் கிடைத்தால்கூட இருந்திருக்காது.

கொஞ்ச நாள் கழித்து, மலரில் மீந்த பிரதிகளைக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மேஜையில் இட்லித் தட்டு, அதற்கு முன்னால் அக்கா. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாஸ்டர் இறங்கினார். ஓட்டுநர் ஒரு கம்ப்யூட்டரை எடுத்துவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார்.

"மாஸ்டர், தொறக்கறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லணும். நான்…"

"படிச்சேன்" என்றார் மாஸ்டர். "ப்ரூஃப் பார்த்ததே நான்தானேம்மா. பழைய பதிவு போனதுக்கு அப்புறம் நாங்க பாடினது எல்லாம் இதுல இருக்கு. பெட்டி மக்கர் பண்ணுது, வேற டிஸ்க் போட்டுக் குடுங்க. இந்த டிஸ்கைக் கழட்டி என்கிட்ட தாங்க. உங்க சட்டத்தை இவங்க சொன்னாங்க, நான் எங்க நிக்கணும்?"

அக்கா தன் தப்பைச் சொல்லி முடிக்காமல் விட்டார். நான் பார்த்த வரையில் அந்த ஒரு தடவைதான். திருகாணிகளைக் கழற்றி குழியில் போட்டார், டிஸ்கை எடுத்தார், துவைத்து மடித்த துண்டாகத் தேடி அதில் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். மாஸ்டரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாசல்படி தாண்டி வெயிலில் போய் நின்றார். நாற்காலி கொண்டுபோனேன். வேண்டாம், நின்றால்தான் முறை என்றார்.

மீன்காரம்மா அன்றைக்கும் வந்தார். "இன்னா மாஸ்டரு, கையில?"

"எங்க பாட்டும்மா" என்றார் மாஸ்டர். "உள்ள வேலை நடக்குது. அவங்க கூப்பிடுற வரைக்கும் நான் வச்சிருக்கணும்."

அவர் அதைச் சத்தமாகத்தான் சொன்னார், உள்ளே கேட்கவேண்டும் என்றே. உள்ளே ஏதோ தரையில் விழுந்து உருண்டது. பிறகு தெருவெங்கும் கேட்கிற மாதிரி, அக்காவின் குரல் வந்தது.

"திருப்புளி வுழுந்துடுச்சு மாஸ்டர்! நான்தான் போட்டேன்!"